பூனையின் தவமும் பார்வையாளரின் இடமும்

மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நிற்பவர்கள் முதலில் யானைகளைப் பார்க்கிறார்கள். பிறகு ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவமியற்றும் மெலிந்த உருவத்தை. அது அருச்சுனனா பகீரதனா என்ற தீராத வழக்கை யாராவது ஒருவர் தொடங்கிவைப்பார். அதற்குள் கூட்டத்தில் ஒரு குழந்தை, பெரிய யானையின் காலருகே அதே பாவனையில் நிற்கும் பூனையைக் கண்டுபிடித்துச் சிரித்துவிடும். பூனையைச் சுற்றி எலிகள், வணங்கும் தோரணையில்.

அந்தச் சிரிப்புதான் இக்கட்டுரைக்குக் காரணம். ஏமாற்றுக் கதை ஒன்றில் பார்வையாளனை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி, தொலைக்காட்சி மர்மத் தொடர்களோடு பிறந்ததல்ல. இந்தக் கடற்கரைக்கு அது ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழக்கம்.

பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக்கரையில் கைகளை உயர்த்தித் தவவேடம் பூண்ட பூனையை எலிகள் நம்பி, அதனிடமே அடைக்கலம் புகுகின்றன. நாளாக ஆக எலிகள் குறைகின்றன, பூனை கொழுக்கிறது. கடைசியில் கோலிகன் என்ற எலி ஒரு தடயத்தைச் சுட்டுகிறது: கிழங்கும் கனியும் உண்பவரின் கழிவில் மயிர் இருக்காதே! துப்பறியும் இலக்கியம் பயில்வோர் இந்த எலியைத் தங்கள் முன்னோர் வரிசையில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. யுதிஷ்டிரனின் அறவேடத்தை எள்ளுவதற்காக உலூகன் வழியே இக்கதையைச் சொல்லியனுப்புபவன் துரியோதனன். சூதில் வென்ற தரப்பிலிருந்து வருகிறது, ஏமாற்றைப் பற்றிய பாடம்.

சிற்பி கோலிகனைத் தனியே காட்டவில்லை. காட்டத் தேவையுமில்லை. பல்லவ அரசன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கு நிவந்தம் விட்டதைச் சொல்கிறது. அதாவது, 7ஆம் நூற்றாண்டில் இந்தப் பாறையின் முன் நின்றவர்களில் பலர் கதையைக் கேட்டறிந்தவர்களாக இருந்திருக்கக்கூடும். எலிகளுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். பார்வையாளன் சிற்பியின் பக்கம் நிற்கிறான், ஆகவே சிரிக்கிறான்.

அதே நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய வடமொழி அங்கதமான மத்தவிலாசம் பார்வையாளனைச் சற்றே இடம் மாற்றி அமர்த்துகிறது. காஞ்சியின் தெருக்களில் மதுமயக்கத்தில் திரியும் கபாலிகன் சத்தியசோமனின் கபாலம் காணாமற்போகிறது. அதில் வறுத்த இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது நாயாகவோ பௌத்த பிக்குவாகவோ இருக்கவேண்டும் என்று அவன் முடிவுகட்டுகிறான். எதிரே வரும் நாகசேனன் தன் ஆடைக்குள் பிச்சைப்பாத்திரத்தை மறைத்துவைத்திருக்கிறான். போதாதா? பாத்திரத்தின் நிறம் வேறாயிருப்பதும்கூட, நிறத்தை மாற்றிவிட்டான் என்பதற்கு ஆதாரமாகிவிடுகிறது. இறுதியில் பித்தன் ஒருவன் கபாலத்தோடு வருகிறான். அவனுக்கு அது ஒரு நாயிடமிருந்து கிடைத்தது. விடை தொடக்கத்திலேயே பாதி சொல்லப்பட்டிருந்தது. கபாலிகனை ஏமாற்றியது அவனுடைய சந்தேகமே. அவனோடு சேர்ந்து நாமும் பிக்குவின் ஆடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொலைக்காட்சி மர்மம் ஒரு படி மேலே போய் நம்மை எலிகளின் நடுவிலேயே உட்காரவைத்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில், நாகா இயக்கிய 'மர்மதேச'த்தின் 'விடாது கருப்பு' 1990களின் பிற்பகுதியில் வாரந்தோறும் சன் தொலைக்காட்சியில் வந்தது. கிராமத்தில் தவறு செய்பவர்கள் தண்டிக்கப்படுகிறார்கள். இரவில் குதிரையில் வருவது கருப்பசாமியா, மனிதனா? வாரம் ஒருமுறை என்பதால் சந்தேகத்திற்கு ஆறு நாள் ஓய்வு கிடைத்தது. எங்கள் தெருவில் அந்த ஆறு நாட்களும் வழக்காடுமன்றம்தான்.

முடிவைப் பற்றி அன்று கேட்ட கருத்துகள் இருவகை. சாமி என்று நம்பியிருந்தோர், விடை மனிதமனத்தின் பக்கம் நகர்ந்தபோது புண்பட்டார்கள். 'இத்தனை வாரம் கும்பிட்டதெல்லாம் வீணா' என்று ஒரு பாட்டி கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. மற்றவர்கள், முன்பு காட்டியவற்றை மனத்திற்குள் திரும்ப ஓட்டிப் பார்த்து, தடயம் இருந்ததா என்று தேடினார்கள். இரண்டாவது தரப்பின் கேள்வி கோலிகனுடையது. முதல் தரப்பின் வலி, அடைக்கலம் புகுந்த எலிகளுடையது. விமர்சகர்கள் பெரும்பாலும் முன்னதையே மதிக்கிறார்கள். பாட்டியின் கேள்விதான் கடினமானது என்று எனக்குத் தோன்றுகிறது. தடயம் சரியாக வைக்கப்பட்டிருந்தால் அறிவு சமாதானமாகிவிடும். நம்பிக்கைக்கு அது போதாது. நம்பவைத்துக் கதை சொல்பவன், நம்பியவர்களை முட்டாள்களாக்காமல் வெளியே அனுப்பவும் கடமைப்பட்டவன்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறைந்தபோது, பலரும் முதலில் நினைவுகூர்ந்தது அந்தக் கருப்பனைத்தான். விடை தெரிந்த பிறகும் அஞ்சுகிறார்கள், ரசிக்கிறார்கள். பாட்டிக்கு அது பதிலாகுமா, தெரியவில்லை.

மாமல்லபுரத்தில் பூனை இன்னும் கையை இறக்கவில்லை. அடுத்தமுறை போகும்போது அதைப் பார்த்துச் சிரித்த கையோடு, எலிகளின் முகங்களையும் ஒரு கணம் பாருங்கள்.