தின்னப்படாத வடை: புனைவில் இழிந்த சிற்றுயிர்கள்

தொல்காப்பிய மரபியல் கறையானையும் எறும்பையும் மூவறிவு உயிர்கள் என்கிறது. நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்கள் என்கிறது. பயனையோ தீங்கையோ பாராமல் அறிவை எண்ணி வகுத்த முறை அது. ஏணியின் உச்சியில் மனிதன்தான் நிற்கிறான் என்றாலும், அங்கே அருவருப்புக்கு இடமில்லை. நவீனப் புனைவு அருவருப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சிற்றுயிருக்குக் குரல் கொடுத்துவிட்டால் மனித மையப் பார்வை தளர்ந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அது ஐயத்திற்குரியது. பேசும் எலி நம் கவலைகளையே பேசும். பஞ்சதந்திரத்து எலியான இரணியகன் வால் முளைத்த நீதிநூல். மனிதப் பார்வை நழுவும் இடத்தைப் பேச்சில் தேடுவதைவிட உணவில் தேடுவது பயன் தரும் என்பதே என் வாதம்.

காஃப்கா 1912இல் எழுதி 1915இல் வெளியான ‘உருமாற்றம்’ கதையை எடுத்துக்கொள்வோம். நூலின் அட்டையில், நாயகன் கிரகோர் சம்சா உருமாறும் பூச்சியை வரையவே கூடாது என்று அவர் பதிப்பகத்துக்கு எழுதினார். கிரகோர் சம்சாவின் சிந்தனை ஏறக்குறைய கடைசிவரை ஒரு விற்பனைப் பிரதிநிதியின் சிந்தனையாகவே இருக்கிறது. குடும்பக் கடனும் தங்கையின் இசைப்படிப்பும் அவனை விடுவதில்லை. ஆனால் அவனுக்குப் பிடித்திருந்த பால் இப்போது குமட்டுகிறது, கெட்டுப்போன பாலாடைக்கட்டி இனிக்கிறது. மூளை பழைய வீட்டில் தங்கிவிட, வாய் வேறு உலகத்துக்குப் போய்விடுகிறது.

கிளாரிஸ் லிஸ்பெக்டரின் 1964ஆம் ஆண்டு நாவலில் ஜி.எச். என்ற சிற்பி, பணிப்பெண் விட்டுச்சென்ற அறையில் ஒரு கரப்பான்பூச்சியை அலமாரிக் கதவில் நசுக்குகிறாள்; பிறகு அதன் உடலிலிருந்து பிதுங்கிய வெண்பொருளை வாயில் வைக்கிறாள். அருவருப்பை இவ்வளவு தூரம் துரத்திச் சென்ற புனைவு அரிது. ஆயினும் கரப்பான் அங்கே அவளது ஞானத்துக்கு வழியாகிறது. செத்துக்கொண்டிருக்கும் பூச்சிக்கு அந்த ஞானத்தால் ஆவதொன்றுமில்லை. படையல் பொருளாவதும் பயன்பாடுதானே.

அசோகமித்திரனின் ‘எலி’யில் தத்துவம் எதுவும் இல்லை. கணேசன் பொறியில் வைக்க வடை தேடிப் போகிறான். எலி அகப்படுகிறது. வெளியே கொண்டுபோய்த் திறந்துவிட்டதும் அது பறவைக்கு இரையாகிறது. பொறியைப் பார்த்தால் வடை தின்னப்படாமல் அப்படியே இருக்கிறது. இந்த முடிவைக் கணேசனின் இரக்கம் என்று வாசிப்பது எளிது. துயரம் அவனுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துயரத்துக்குக் காரணமான செய்தியை எலி விட்டுச் சென்றிருக்கிறது. வடைக்காக வரும் என்ற கணக்கில்தான் பொறி வைக்கப்பட்டது. எலியைப் பற்றி வீட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவே. கதவு விழுந்தபின் இரவு முழுக்க, கைக்கெட்டும் தூரத்தில் உணவிருந்தும், அது ஏன் தொடவில்லை? அச்சத்தில் பசி அடங்கியிருக்கலாம். கதை சொல்வதில்லை. ஆசிரியர் எலியின் மனத்துக்குள் ஒரு வரிகூட நுழையவில்லை. அந்த விலகலைக் குறையாகக் கருதுவோர் இருக்கலாம், நான் அதை மரியாதை என்பேன்.

காஃப்கா பூச்சிக்கு வேறொரு நாக்கைத் தந்தார். லிஸ்பெக்டர் பூச்சியை மனித நாக்கில் வைத்தார். அசோகமித்திரன் எலி தின்னாததை மட்டும் குறித்து வைத்தார். பொறிக்குள் கிடக்கும் அந்த வடையைக் கணேசனாலும் விளக்க முடியவில்லை, நம்மாலும் முடியவில்லை.