பெயர் கெட்ட நிறுவனம், பெயர் பெறாத ஆட்டம்

முத்துப்பேட்டைப் பக்கம் அறுவடைக் காலத்தில் நெல் வாங்க வரும் வியாபாரியைக் கவனித்திருக்கிறீர்களா? மூட்டையின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று அவர் படிப்பதில்லை. குத்தூசியால் குத்தி ஒரு பிடி நெல் எடுக்கிறார். ஊதிப் பதரைப் பார்க்கிறார். ஒரு மணியைக் கடித்து ஈரத்தை அறிகிறார். விலைப் பேச்சு அதற்குப் பிறகுதான்.

நெல்லுக்கு நாம் காட்டும் இந்த நியாயத்தை மற்றப் பொருள்களுக்கும் காட்டுகிறோமா? தொலைக்காட்சியில் ஆடிய பழைய வீடியோ கேம்களின் வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதை ஆராய்வோம்.

வீட்டுக்கு வந்த பெட்டி

நீங்கள் மாணவராயின், உங்கள் சித்தப்பாவையோ மாமாவையோ கேட்டுப் பாருங்கள். 1990-களில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் ஒரு சிறு பெட்டி நம் நாட்டில் பரவலாக விற்றது. சாமுராய், லிட்டில் மாஸ்டர் எனப் பல பெயர்கள் அதற்கு இருந்தன. வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளிலும் அத்தகைய பொருள்கள் வந்தன. அதில் செருகும் ஆட்டத்தை நாம் ‘கேசட்’ என்றே அழைத்தோம். உள்ளே நாடா எதுவும் கிடையாது. நினைவகச் சில்லு மட்டுமே உண்டு.

இந்தப் பெட்டிகளின் மூலம் ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1983-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட ‘ஃபேமிகாம்’. அதன் செயலி நொடிக்கு ஏறத்தாழ 18 லட்சம் துடிப்புகளில் இயங்கியது. அதற்கு இருந்த வேலை நினைவகமோ 2 கிலோபைட்டுதான். ஒரு பள்ளிக் கட்டுரையைக்கூட அதில் முழுதாக அடக்க முடியாது! தைவானில் இதே சில்லுகளைப் போலச் செய்தார்கள். அவற்றைக் கொண்டு செய்த மலிவான பெட்டிகள் ஆசியா முழுவதும் பரவின.

கேசட்டின் மேல் ‘9999 ஆட்டங்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே இருப்பவை சில ஆட்டங்களே. அவற்றையே வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கவைத்து எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டினார்கள். அவற்றை எழுதியவர் யார், வெளியிட்டவர் யார் என்ற விவரம் எங்கும் இராது. இது பிறர் உழைப்பைத் திருடும் வேலை, இதில் ஐயமில்லை.

ஆனால் இதிலிருந்து வேறுபட்ட இன்னொரு வகையினரும் இருந்தனர். ஆட்டத்தைத் தாங்களே சொந்தமாக எழுதினார்கள். நின்டெண்டோவின் உரிமம் மட்டும் பெறவில்லை. இரு வகையினரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாம் வகையை.

பூட்டும் சாவியும்

1983-இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்து விழுந்தது. தரமற்ற ஆட்டங்கள் வரம்பின்றிக் குவிந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எனவே 1985-இல் அமெரிக்கச் சந்தையில் நுழைந்த நின்டெண்டோ கடுமையான விதிகளை வகுத்தது. உரிமம் பெற்ற நிறுவனம் பொதுவாக ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களே வெளியிடலாம். கேசட்டுகளை நின்டெண்டோவே செய்து கொடுக்கும். விதியை மீறுவோரைத் தடுக்கப் பெட்டிக்குள் ஒரு பூட்டும் வைத்தது.

அந்தப் பூட்டு வேலை செய்த விதம் சுவையானது. பெட்டியில் ஒரு சிறு சில்லு, கேசட்டில் அதன் இணைச் சில்லு. இரண்டு சிறுவர்கள் ஒரே நேரத்தில் ஒரே வாய்ப்பாட்டை ஒப்பிப்பதுபோல, இரண்டும் ஒரே குறி வரிசையை ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ஒன்று தவறினாலும் பெட்டி மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். படம் திரையில் நிற்காது.

கலிபோர்னியாவில் 1988-இல் டான் லாட்டன் என்பவர் தொடங்கிய ‘கலர் ட்ரீம்ஸ்’ நிறுவனம் இந்தப் பூட்டுக்குச் சாவி செய்யவில்லை. கேசட்டிலிருந்து பெட்டியின் சில்லுக்கு எதிர்மின்னழுத்தத் துடிப்பு ஒன்றை அனுப்பியது. அந்த அதிர்ச்சியில் காவல் சில்லு திகைத்து நின்றுவிடும், ஆட்டம் தொடங்கிவிடும். வாயிற்காவலரிடம் சீட்டைக் காட்டாமல், அவர் கண் கூசும்படி விளக்கடித்துவிட்டு உள்ளே நுழைவதைப் போன்றது இது. நம் நாட்டில் விற்ற பெட்டிகள் பெரும்பாலும் பூட்டே இல்லாத ஃபேமிகாமின் வழிவந்தவை. அவற்றின் கேசட்டுக்கு 60 முனைகள். அமெரிக்கக் கேசட்டுக்கோ 72.

கெட்ட பெயர் வந்த விதம்

கலர் ட்ரீம்ஸ் என்றாலே இன்றும் பழைய ஆட்டங்களைச் சேகரிப்போர் முகம் சுளிக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1989-இல் வந்த ‘ரெய்டு 2020’ போன்றவை மோசமான ஆட்டங்களின் பட்டியல்களில் இடம்பெறுபவை. நின்டெண்டோவின் கையேடுகளும் கருவிகளும் இவர்களுக்குக் கிடைக்கா; பெட்டியைத் தாங்களே ஆராய்ந்து புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இவர்களுடைய சரக்கை அடுக்கினால் நின்டெண்டோவின் சரக்கு தமக்குக் கிடைக்காமல் போகுமோ என்று கடைக்காரர்களும் அஞ்சினார்கள்.

எனினும் அதே 1989-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘கிரிஸ்டல் மைன்ஸ்’ என்ற ஆட்டத்தைப் பாருங்கள். எழுதியவர் கென் பெக்கெட். சுரங்கத்தில் ஓர் எந்திர மனிதன் மண்ணைச் சுட்டு உடைத்து, படிகங்களைச் சேகரித்து, வெளியேறும் வழியை அடைய வேண்டும். விதி இவ்வளவே. ஆனால் மண்ணை உடைத்தால் மேலே உள்ள பாறை உருண்டு விழும். அவசரப்பட்டால் பாறை உங்கள் தலையில் விழும். அல்லது நீங்களே உங்கள் வழியை அடைத்துக்கொள்வீர்கள். ஆகவே எதை முதலில் உடைப்பது, எதைப் பிறகு உடைப்பது என்று எண்ணிச் செய்ய வேண்டும். 1984-இல் வந்த ‘போல்டர் டேஷ்’ என்ற ஆட்டத்தின் சாயல் இதில் உண்டு. என்றாலும் மண்ணைச் சுடுவது இதன் தனித்தன்மை. படங்கள் எளியவை, சிந்தனைக்குரிய வேலையோ நிறைய.

‘மெட்டல் ஃபைட்டர்’ என்ற ஆட்டம் இன்னொரு சான்று. இதைச் செய்தது தைவானின் சாச்சென் குழுவைச் சேர்ந்த ஜாய் வேன். அமெரிக்காவில் வெளியிட்டது கலர் ட்ரீம்ஸ். ‘போலிப் பெட்டிகளின் நாடு’ என்று இகழப்பட்ட இடத்திலும் சொந்தமாக எழுதும் திறமை இருந்தது என்பதற்கு இதுபோன்ற ஆட்டங்களே சாட்சி.

ஆட்டத்தின் மறுபிறவி

கடைகள் கதவை அடைத்ததும் கலர் ட்ரீம்ஸ் ‘விஸ்டம் ட்ரீ’ என்ற கிளையைத் தொடங்கி, விவிலியக் கதைகளை ஆட்டமாக்கிக் கிறித்தவப் புத்தகக் கடைகளில் விற்றது. 1991-இல் வந்த ‘எக்ஸோடஸ்’ அவற்றுள் ஒன்று. எந்திர மனிதன் இருந்த இடத்தில் மோசே நிற்கிறார்; அடியில் இயங்குவதோ அதே கிரிஸ்டல் மைன்ஸ்! 1992-இல் அதன் இரண்டாம் பாகம் அட்டாரி நிறுவனத்தின் ‘லிங்க்ஸ்’ கைப்பெட்டிக்கு வந்தது. உறை மாறியது, கடை மாறியது, கதையும் மாறியது. ஆட்டத்தின் அடிப்படை மட்டும் நிலைத்தது. நிறுவனத்தின் பெயரே தரத்துக்கு அளவுகோல் என்றால் இது எப்படி நிகழும்?

நம் அலமாரியில் இருப்பது

பெரிய நிறுவனங்களின் ஆட்டங்களைப் பாதுகாக்க அந்நிறுவனங்கள் உள்ளன. பெயர் கெட்டவர்களின் ஆட்டங்களுக்கும், பெயரே இல்லாத கேசட்டுகளுக்கும் அப்படி யாரும் இல்லை. அவை தப்பினால் நம் வீட்டு அலமாரிகளிலும் பரண்களிலும்தான் தப்ப வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயல் முத்துப்பேட்டைப் பகுதியின் அலையாத்திக் காட்டையே முறித்துப் போட்டது. கூரை பறந்த வீடுகளில் பழைய பொருள்களின் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் அத்தகைய கேசட் இன்னும் இருக்கிறதா? அன்று எல்லோரும் செய்ததுபோல அதன் வாயில் ஊதாதீர்கள். மூச்சில் உள்ள ஈரம் செம்பு முனைகளை அரிக்கும். நம் ஊர் உப்புக் காற்றில் அரிப்பு இன்னும் விரையும். அன்று ஊதியதால் ஆட்டம் வந்ததாக நினைத்தோம். உண்மையில் எடுத்து மறுபடி செருகியதே முனைகளைச் சரியாகத் தொடவைத்தது. பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு முனைகளை மெல்லத் துடைத்து, நன்கு உலர்ந்தபின் செருகுங்கள். சில்லில் பதிந்த ஆட்டம் பல ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருக்கக்கூடும்.

படம் வந்தால், கேசட்டில் போட்டிருக்கும் எண்ணிக்கையை மறந்துவிட்டுப் பட்டியலில் நீங்கள் அறியாத ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பொத்தானை அழுத்தியவுடன் உருவம் அசைகிறதா? தோற்றால் அது உங்கள் தவறா, ஆட்டத்தின் தவறா? மறுபடி ஆடத் தோன்றுகிறதா? இந்த மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி, முகப்புத் திரையில் காணும் பெயரையும் ஆண்டையும் அருகில் குறித்து வையுங்கள். மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்த்தவர் ஆவீர்கள்.