பனியில் மலர்ந்த மை

பனி முற்றும் உருகுமுன்னரே, ஓர் இலையும் துளிர்க்காத கிளைகளில் ஐந்து இதழ் விரித்துப் பூப்பது சீன நாட்டுப் பிளம் மரம். பைன் மரத்தையும் மூங்கிலையும் இதனோடு சேர்த்துக் 'குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள்' எனச் சீனர் அழைத்தனர். இடுக்கண் உற்றபோதும் நிலைபிறழாத சான்றோரின் சின்னமாக இம்மலர் போற்றப்பட்டது.

வண்ணங்களைத் தவிர்த்து, கறுப்பு மையால் மட்டுமே இம்மலரைத் தீட்டும் மரபைச் சோங் அரசர் காலத்துப் பௌத்தத் துறவி சோங்ரென் தொடங்கினார் என்பர். நிலவொளியில் சாளரத் தாளின்மீது விழுந்த கிளையின் நிழலே அவருக்கு ஆசானாயிற்று என்பது வழிவழியாக வந்த செய்தி. அம்மரபில் வந்த யாங் வூஜியூ, 1165-ஆம் ஆண்டில் மொட்டு, இதழ் அவிழ்தல், முழுமலர்ச்சி, உதிர்தல் ஆகிய நான்கு நிலைகளை ஒரே சுருளில் தீட்டினார். மலரின் எழிலோடு அதன் உதிர்வையும் அவர் மறைக்காமல் காட்டியது நம் கருத்தைக் கவர்கிறது.

1279-இல் சோங் அரசு மங்கோலியரிடம் முற்றிலும் வீழ்ந்தது. அவர்களது யுவான் ஆட்சியில் வாழ்ந்தவர் வாங் மியான். உழவர் குடியில் பிறந்து மாடு மேய்த்த அவர், இரவில் கோயில் விளக்கொளியில் அமர்ந்து நூல்களைக் கற்றாராம். அரசுத் தேர்வில் தோல்வியுற்றார். பின்னாளில் பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்டபோதோ, அதனை மறுத்துவிட்டார். மலைப்புறத்தில் குடிசை அமைத்து, பிளம் மரங்களை நட்டு வாழ்ந்தார். தம் ஓவியங்களுக்கு, பட்டுத்துணியின் நீளத்தை அளந்து அதற்கேற்ப அரிசி பெற்றுக்கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதிய சோங் லியான் கூறுகிறார்.

மாசற்ற வாழ்வின் சின்னத்தை முழக்கணக்கில் விற்பதா என்று நாம் வினவக்கூடும். ஆனால், உழைப்பை விற்பது வேறு. உள்ளத்தை விற்பது வேறு. அரிசிக்காகத் தூரிகை ஏந்த அவர் நாணவில்லை. பதவிக்காகத் தலைவணங்கவே நாணினார். பசியறியாத தூய்மையைப் பேசுவது எளிது. பசியோடு அதனைக் காப்பது அரிது அன்றோ!

இத்தகைய ஓவியமொன்றை உற்று நோக்குவோம். அடர்ந்த மையால் கிளை முறுக்கேறி நிற்கிறது. மலரிலோ வெண்ணிற வண்ணமே இல்லை. மெல்லிய கோட்டால் இதழின் விளிம்பு மட்டும் வளைக்கப்பட்டுள்ளது. உள்ளே காணும் வெண்மை, தூரிகை தொடாத தாளின் வெண்மையே. தீட்டியதனால் கிளை உருவாயிற்று. தீட்டாது விட்டதனால் மலர் உருவாயிற்று. வாங் மியானின் வாழ்வும் அவ்வாறே. அவர் ஏற்ற வறுமையை மட்டுமன்று, தொடாது விட்ட பதவியையும் சேர்த்துப் பார்க்கும்போதே அது நமக்கு முழுமையாகத் தெரிகிறது.