அக்கரைச் சீட்டு

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஐந்தாறு ஏக்கர் நஞ்சை, ஒரு தென்னந்தோப்பு, வாசலில் இரண்டு திண்ணை. போன கோடையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது திண்ணையில் பெரிய சர்ச்சை நடந்துகொண்டிருந்தது. பையன் விவசாயப் பட்டதாரி. இருபத்து நாலு வயது. ஆஸ்திரேலியா போக மனுப் போட்டிருக்கிறான். என்ன உத்தியோகம் என்று கேட்டால், உத்தியோகம் இல்லை என்கிறான். படிக்கவா என்றால், படிக்கவும் இல்லை.

"விடுமுறைக்குப் போகிறேன் அப்பா. அங்கேயே கொஞ்சம் வேலையும் செய்துகொள்ளலாம். அதற்கென்று தனி விசா இருக்கிறது. ஆனால் குலுக்கலில் பேர் விழ வேண்டும்."

"விடுமுறையில் எவனாவது வேலை செய்வானா? வேலைக்குப் போகிறவனுக்கு விடுமுறை என்று எவனாவது பெயர் வைப்பானா?" என்று என் நண்பர் என்னை நியாயம் கேட்டார்.

அதற்குள் உள்ளேயிருந்து அவருடைய தாயார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். தொண்ணூற்று மூன்று வயது. காது கொஞ்சம் மந்தம், புத்தி மந்தமில்லை.

"அது கெடக்குது தம்பி. கங்காணி யாருன்னு கேளு" என்றாள்.

பையன் சிரித்தான். "கங்காணியெல்லாம் இப்ப யாரும் இல்லை அப்பாயி" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் தஞ்சை ஜில்லாவின் நூறு வருஷச் சரித்திரம் நின்றுகொண்டிருந்தது.

முதலில் பையன் சொன்ன விசாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாலிபர்கள் ஒரு தேசத்துக்குப் போய் ஊர் சுற்றிப் பார்க்கவும், வழிச்செலவுக்கு அங்கேயே வேலை செய்து சம்பாதிக்கவும் அனுமதிக்கும் திட்டம் இது. ஆஸ்திரேலியா இதை 1975-இல் ஆரம்பித்தது. அப்போது பிரிட்டன், அயர்லாந்து, கானடா தேசத்துப் பிள்ளைகளுக்குத்தான் இடம். நம்மவர்களுக்குக் கதவு திறக்க ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று. பிரிட்டன் 2023-இல் வருஷத்துக்கு 3,000 இந்தியப் பட்டதாரிகள் இரண்டு வருஷம் வந்து தங்கலாம் என்று ஒரு திட்டம் வைத்தது. ஆஸ்திரேலியா 2024 செப்டம்பரில் இந்தியாவையும் தன் ஜாபிதாவில் சேர்த்துக்கொண்டது. வயது பதினெட்டிலிருந்து முப்பதுக்குள். கல்லூரிப் படிப்பு, கொஞ்சம் இங்கிலீஷ், கையில் செலவுக்குப் பணம். வருஷத்துக்கு 1,000 இடம். மனுக்கள் வாங்க ஆரம்பித்த இரண்டு வாரத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பதிந்துகொண்டார்கள். ஆகவேதான் குலுக்கல். நாற்பதில் ஒருவனுக்கு அதிர்ஷ்டம். மற்ற முப்பத்தொன்பது பேருக்கு அடுத்த வருஷம்.

இனி அப்பாயியின் கேள்விக்கு வருவோம்.

நாகப்பட்டினத்துக்கும் அக்கரைக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய தேசத்து அரசன் நாகையில் சூடாமணி விகாரத்தைக் கட்டினான். அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தை ராஜராஜன் விட்டுக்கொடுத்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. அந்த ராஜராஜனுடைய மகன் 1025-ஐ ஒட்டிக் கடல் தாண்டிப் போய்க் கடாரத்தைக் கொண்டான். அந்தக் கடாரந்தான் இன்றைய கெடா. இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்தோம். ஆனால் அதே கடாரத்துக் கரைக்கு அதே நாகையிலிருந்து நம்மவர்கள் எண்ணூறு வருஷத்துக்குப் பிறகு எப்படிப் போனார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

இங்கிலீஷ்காரர்கள் 1786-இல் பினாங்குத் தீவைப் பிடித்தார்கள். 1800-இல் அதற்கு எதிர்க்கரையில் ஒரு துண்டு நிலத்தைக் கெடா சுல்தானிடமிருந்து வாங்கி, வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் வைத்தார்கள். அங்கே கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. கரும்பு வெட்ட ஆள் வேண்டும். ஆள் எங்கே கிடைக்கும்? மேற்கே, கடலுக்கு இப்பால், காவேரி பாய்ந்து நெல் கொழிக்கும் பூமியில், நெல்லை விளைவித்துவிட்டுப் பட்டினி கிடக்கும் ஜனங்களிடம்!

ஒப்பந்தக் கூலி என்ற ஏற்பாடு அப்படித்தான் வந்தது. பொதுவாக மூன்று வருஷக் கெடு. கப்பல் செலவுக்கும் முன்பணத்துக்கும் உடம்பால் உழைத்துக் கழிக்க வேண்டும். நடுவில் ஓடினால் அது கிரிமினல் குற்றம், ஜெயில். 1861-62-இல் நாகையிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சினாப்பள்ளிக்கு ரயில் போட்டார்கள். ஊர்வழியே நடந்து வந்தவர்கள் இனி வண்டியேறித் துறைமுகத்துக்கு வரலானார்கள். 1872-இல் இந்த ஆள் ஏற்றுமதிக்கென்று ஒரு சட்டமும் வந்தது. 1910-இல் மலாய் நாட்டுக்கு ஒப்பந்தக் கூலி எடுப்பது நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, காப்பியும் ரப்பரும் வந்த நாளிலிருந்து, கங்காணி வந்துவிட்டான்.

கங்காணி யார்? வெளியூர்க்காரன் அல்ல. நம் தெருவிலிருந்து போனவன். தோட்டத்தில் நாலைந்து வருஷம் பால் வெட்டியவன். துரை அவனைக் கூப்பிட்டு, "உன் ஊருக்குப் போ, உன் மனிதர்களை அழைத்து வா" என்று அனுப்புவார். அவன் வெள்ளை வேட்டியும் குடையுமாக வந்து இறங்குவான். கோவிலுக்குக் காசு போடுவான்; குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பான். அவன் வாயால் பேச வேண்டியதில்லை. வேட்டியின் வெளுப்பே பேசும். அழைத்துப்போகும் ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குத் தரகு உண்டு. தோட்டத்துக்குப் போன பிறகு, அவர்கள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவன் கையில் ஒரு சில்லறை விழும் வழக்கமும் இருந்தது.

அப்பாயி சீட்டு என்று எதைச் சொன்னாளோ அதற்கும் ஒரு ஒழுங்குமுறை இருந்தது. 1907-இல் தோட்ட முதலாளிகள் எல்லோரும் பணம் போட்டு ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். கப்பல் கட்டணம் அதிலிருந்து போயிற்று. கூலிக்காரன் தலையில் அந்தக் கடன் ஏறவில்லை. கங்காணி லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். ஆள் சேர்த்ததும் கிராம முன்சீபிடம் நிறுத்தி, இவன் போவதற்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு நாகப்பட்டினம் டிப்போ. டாக்டர் நாடி பார்ப்பார், அம்மை குத்துவார்கள். நாகையில் கப்பல் கரைக்கு வராது. தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலையில் ஆடும் படகில் போய் ஏற வேண்டும். பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் மறுபடி இறக்கி, நோய் நொடி உண்டா என்று அடைத்து வைத்துப் பார்ப்பார்கள். வயசுக் கட்டு, உடம்பு சோதனை, அனுமதிச் சீட்டு, எத்தனை பேர் என்ற கணக்கு எல்லாம் அன்றும் இருந்தன.

இவ்வளவு கஷ்டம் தெரிந்தும் ஏன் போனார்கள் என்று கேட்கலாம். இதற்கு நம் ஜில்லா வெட்கப்பட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். பண்ணையாள் என்ற ஏற்பாடு இங்கே இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய சொற்பக் கடனுக்காக அப்பனும், அப்பனுக்குப் பிறகு பிள்ளையும் ஒரே மிராசுதாரின் களத்தில் கிடக்க வேண்டும். பண்ணையாளைப் பாதுகாக்கச் சட்டம் என்று ஒன்று வந்தது 1952-இல்தான். அதற்கு முன்பு அவனுக்கு இருந்த ஒரே சட்டம் கடல். இரவோடு இரவாக நாகைக்கு நடந்துவிட்டால், மிராசுதாரின் சாட்டை அங்கே எட்டாது. ஆள் ஓடிப்போகிறான், கூலி ஏறுகிறது என்று மிராசுதார்கள் முறையிட்டார்கள். அந்த முறையீட்டைப் படிக்கும்போது எனக்கு உள்ளூரச் சந்தோஷம் உண்டாவதை நான் மறைக்கப்போவதில்லை. போனவர்கள் எல்லோரும் ஏமாந்து போனார்கள் என்று சொல்வது அவர்களை மறுபடி ஒருமுறை சிறுமைப்படுத்துவதாகும். பலர் தெரிந்தே போனார்கள். இங்கே ஆயுள், அங்கே மூன்று வருஷம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆனால் கணக்குப் போட்டபடி காலம் நடக்கவில்லை.

தோட்டத்தில் சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம். ஆனால் கங்காணியிடமும் அவன் கடையிலும் ஏறிய பாக்கிக்கு நோட்டீஸ் கொடுக்க முடியுமா? ரப்பர் விலை ஏறினால் ஆள் வேண்டும், இறங்கினால் வேண்டாம். 1930-க்குப் பிறகு உலகம் முழுவதும் மந்தம் வந்தபோது, லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். கூலியும் குறைந்தது. இந்த வழக்கை விசாரிக்க இந்திய சர்க்கார் யாரை அனுப்பியது தெரியுமா? வலங்கைமானில் பிறந்த நம் ஸ்ரீநிவாச சாஸ்திரியாரை. 1936 கடைசியில் அவர் மலாய் நாட்டுக்குப் போனார். கங்காணியைக் கொண்டு ஆள் பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்றார். ஆனால் ஆள் போவதை அடியோடு நிறுத்தத் தேவையில்லை என்றும் அறிக்கை எழுதினார். அதற்காக அவரைக் கண்டித்தவர்கள் உண்டு. ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற கூலி மீண்டும் வந்தது. அடுத்த வருஷமே அதையும் முதலாளிகள் குறைத்தார்கள். இந்திய சர்க்கார் பொறுமை இழந்து, 1938 ஜூனில் உதவிச் சீட்டில் ஆள் போவதையே தடுத்துவிட்டது.

பிறகு யுத்தம். ஜப்பான்காரன் வந்தான். 1942-43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் போடத் தோட்டத்துத் தமிழர்களை வண்டி வண்டியாக ஏற்றிப் போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களில் எத்தனை பேர், "மூன்று வருஷந்தானே, போய்விட்டு வருகிறேன்" என்று காவேரிக் கரையில் சொல்லிவிட்டுப் போனவர்களோ! 1953-இல் மலாய் நாடு புதுக் குடியேற்றச் சட்டம் கொண்டுவந்து கதவை ஏறக்குறையச் சாத்திற்று. 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் மட்டும், சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக, 1970-களின் ஆரம்பம் வரை பந்துக்களைச் சுமந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் நான் அன்று திண்ணையில் பையனுக்குச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "மாமா, நான் கூலிக்குப் போகவில்லையே. படித்திருக்கிறேன். என் பணத்தில் டிக்கெட் வாங்குகிறேன். விசா என் பேரில் இருக்கிறது" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அன்றைய சீட்டுக்கும் இன்றைய சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் படிப்பு அல்ல, பணமும் அல்ல. அன்றைய சீட்டு ஒருவனை ஒரு தோட்டத்தோடு கட்டிப்போட்டது. இன்றைய சீட்டில் அந்தக் கட்டு இல்லை. ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதத்துக்குமேல் இருக்கக் கூடாது என்றே விதி இருக்கிறது. பிடிக்காவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். என்னைக் கேட்டால், விடுமுறை என்ற வார்த்தைக்கு அங்கே அர்த்தம் அதுதான்: போ என்று பிறர் சொல்லாமல், போகிறேன் என்று தானே சொல்லும் உரிமை.

ஆனால் அப்பாயியின் கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை. முதல் வருஷம் முடிந்து இரண்டாவது வருஷமும் அங்கே இருக்க வேண்டுமானால், பட்டணத்தை விட்டு நாட்டுப்புறம் போய் மூன்று மாதம் குறிப்பிட்ட வேலைகளில் ஒன்றைச் செய்திருக்க வேண்டும். பெரும்பாலும் பழம் பறிப்பதும் காய் பொறுக்குவதும். அங்கே வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். கூடைக் கணக்கில் கூலி கொடுத்து, நாள் முழுதும் குனிந்தாலும் வயிற்றுக்குப் போதாமல் செய்த கதைகள் வெளிவந்தன. அதன் பிறகுதான், கூடைக் கணக்கானாலும் மணிக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்சக் கூலி குறையக் கூடாது என்று 2022 ஏப்ரல் முதல் அங்கே விதி செய்தார்கள். விதி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போகிறவனுக்குத்தான் அது விதி. தெரியாதவனுக்கு அது தலைவிதி.

"அப்படியானால் அந்த மூன்று மாதம் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"பழம் பறிப்பேன் மாமா."

"இங்கே நாற்றங்காலில் இறங்கு என்றால் சேறு என்கிறான்!" என்றார் என் நண்பர்.

எல்லோரும் சிரித்தோம். அப்பாயி சிரிக்கவில்லை. தன் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கு நாலைந்து வயது இருக்கும்போது அவர் போனாராம். இடுப்பில் துணிமூட்டையும் கையில் ஒரு செம்பும். நாகப்பட்டினம் வரை அவளுடைய அப்பா கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தாராம். மூன்று வருஷம் என்றாராம். வந்த கடைசிக் கடிதத்தில் அடுத்த தை அறுப்புக்கு வந்துவிடுவதாக எழுதியிருந்ததாம். அதற்குப் பிறகு சண்டை வந்துவிட்டது.

"போவட்டும். யாரு வேணாங்குறா? திரும்பி வர்றதுக்கும் சேத்து இப்பவே சீட்டு வாங்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

குலுக்கலில் அந்த வருஷம் பையன் பேர் விழவில்லை. மறுபடி மனுப் போடப்போகிறான். திரும்பி வரும் டிக்கெட்டுக்கென்று தனியாகப் பாங்கியில் பணம் போட்டு வருகிறான் என்று என் நண்பர் எழுதியிருக்கிறார்.