ஓட்டு கியூவும் கொரோனாவும்: இலங்கை 2020

பாப்பாரப்பட்டியில இன்னைக்கும் என்கிட்ட கேக்கறவங்க உண்டு: "சார், 2021 ஏப்ரல்ல ஓட்டுப் போடப் போனதாலதானே ரெண்டாவது அலை வந்துச்சு?"

ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுங்க. பக்கத்து நாட்டுக் கதை ஒண்ணு சொல்றேன்.

2020 மார்ச் 2. இலங்கை அதிபர் கோத்தபய ராஜபக்ச, பதவிக்காலம் முடிய ஆறு மாசம் இருக்கும்போதே நாடாளுமன்றத்தைக் கலைச்சார். நாலரை வருஷம் முடிஞ்சாதான் கலைக்கலாம்னு அப்போ சட்டம் இருந்துச்சு. அது முடிஞ்ச கையோட கலைச்சாச்சு. ஏப்ரல் 25 தேர்தல்.

மார்ச் 20ல ஊரடங்கு வந்துருச்சு. தேர்தல் ஜூன் 20க்குப் போய், கடைசில ஆகஸ்ட் 5ல நடந்துச்சு.

வாக்குப்பதிவை உண்மையிலேயே நல்லா நடத்தினாங்க. ஆணையத் தலைவர் மகிந்த தேசப்பிரிய முன்கூட்டியே ஒத்திகைத் தேர்தல் வச்சுப் பார்த்தார். மாஸ்க், இடைவெளி, கை கழுவ ஏற்பாடு. அங்க வாக்குச்சீட்டுதான், அதனால பேனாவை வீட்லருந்தே கொண்டுவரச் சொன்னாங்க. 1.62 கோடி வாக்காளர்கள்ல சுமார் 76% பேர் ஓட்டுப் போட்டாங்க.

தொற்று ஏறினா ரெண்டு மூணு வாரத்துல தெரிஞ்சிருக்கணும். அடுத்த பெரிய பரவல் தெரிஞ்சது அக்டோபர்ல, மினுவாங்கொட ஆடைத் தொழிற்சாலையில. ஓட்டுப் போட்ட சமயம் நாட்டுல பரவல் ரொம்பக் கம்மி, அதுதான் காரணம். நம்ம ஊர்ல 2021 மார்ச்லயே கேஸ் ஏற ஆரம்பிச்சாச்சு, பிரச்சாரக் கூட்டம் வேற. கியூவை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன்.

எனக்கு உறுத்தறது வேற இடம். கலைச்ச மூணு மாசத்துக்குள்ள புது நாடாளுமன்றம் கூடணும்னு அந்த நாட்டு அரசியலமைப்பு சொல்லுது. கூடல. பழசையாவது கூட்டுங்கன்னு எதிர்க்கட்சிகள் கேட்டாங்க, அதிபர் மாட்டேன்னுட்டார். ஜூன் 2ல உச்ச நீதிமன்றம் அந்த மனுக்களை விசாரணைக்கே எடுக்காம தள்ளுபடி பண்ணுச்சு. ஆகஸ்ட் 20 வரை, அஞ்சரை மாசத்துக்கு மேல, அரசாங்கத்தைக் கேள்வி கேக்க ஒரு சபையே இல்ல. அதுவும் ஜனங்க வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நேரத்துல!

தேர்தல்ல 225 இடத்துல 145 ராஜபக்ச கட்சிக்கு. அக்டோபர் 22ல, மினுவாங்கொட பரவல் ஓடிட்டிருக்கும்போதே, அதிபருக்கு அதிகாரத்தைக் கூட்டற 20ஆவது திருத்தம் நிறைவேறிடுச்சு.