லாரன் பகால்: அட்டைப் படத்திலிருந்து திரைக்கு

ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் படத் தயாரிப்பு, விநியோகம், திரையரங்கு ஆகிய மூன்றையும் தம் கையில் வைத்திருந்த 1940களில், புதுமுகங்களுக்கான தேடல் நாடக மேடைகளோடு நில்லாமல் பத்திரிகை அட்டைகள் வரை நீண்டது. அவ்வழியே வந்தவர்களுள், மாடலாக இருந்தபோது பழகிய அசையா நிலையையே நடிப்பின் வலிமையாக மாற்றிக்கொண்டவர் லாரன் பகால்.

1924இல் நியூயார்க்கில் பெட்டி ஜோன் பெர்ஸ்கே என்ற பெயரில் பிறந்த அவர், நடிப்புப் பள்ளிப் படிப்பைத் தொடரப் பணமின்றி, ஆடை நிறுவனங்களின் காட்சிக்கூடங்களில் வியாபாரிகளுக்குப் புதிய உடைகளை அணிந்து காட்டும் வேலைக்குச் சென்றார். 1943 மார்ச் மாத ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழின் அட்டையில், செஞ்சிலுவைச் சங்கத்தின் இரத்ததான அறை வாசலில் அவர் நிற்கும் படம் வெளிவந்தது. லூயிஸ் டால்-உல்ஃப் எடுத்த அந்தப் போர்க்காலப் படத்தை இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸிடம் அவருடைய மனைவி காட்ட, பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஏழாண்டு ஒப்பந்தம் கிடைத்தது.

அதன்பின் நடந்தது வார்ப்பு வேலை என்றே சொல்ல வேண்டும். ‘லாரன்’ என்ற பெயரைச் சூட்டிய ஹாக்ஸ், உணர்ச்சி மேலிடும்போதும் குரல் உச்சத்துக்கு ஏறாதிருக்க வேண்டும் என்று வற்புறுத்தியதால், பகால் தாழ்ந்த குரலில் உரக்க வாசித்துப் பழகினார். ஹம்ஃப்ரி போகார்ட்டுடன் நடித்த ‘டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்’ (1944) படப்பிடிப்பில், அச்சத்தால் நடுங்கிய தலையை நிலைப்படுத்த அவர் தாடையைத் தாழ்த்திக் கண்களை மட்டும் உயர்த்தினார். பதற்றத்தை மறைக்கப் பிறந்த அந்தப் பார்வையே அவருடைய அடையாளமாக விளம்பரப்படுத்தப்பட்டது. பத்தொன்பது வயதில் தன் உடலின் பலவீனத்தை ஒரு பாணியாக ஆக்கிக்கொண்ட அந்த அறிவைப் பயிற்றுவித்தவரின் கணக்கில் மட்டும் சேர்ப்பது நியாயமாகாது.

ஆயினும் அந்தப் பிம்பத்தின் உரிமை ஸ்டூடியோவிடமே இருந்தது. ‘கான்ஃபிடென்ஷியல் ஏஜென்ட்’ (1945) கடுமையாக விமர்சிக்கப்பட்டதும், ஏற்கெனவே முடிந்திருந்த ‘தி பிக் ஸ்லீப்’ படத்தில் அவருடைய காட்சிகளை வலுப்படுத்திப் புதிதாக எடுத்துச் சேர்த்த வார்னர் பிரதர்ஸ், 1946இல்தான் அதை வெளியிட்டது. கதையின் முடிச்சுகள் அதனால் மேலும் சிக்கலாயின என்றாலும் அவருடைய நட்சத்திர மதிப்பு மீண்டது. பிடிக்காத கதைகளை மறுத்தபோதோ, ஊதியமின்றி ஒதுக்கிவைக்கும் ‘சஸ்பென்ஷன்’ என்ற தண்டனையை அவர் ஏற்க வேண்டியிருந்தது.

1945இல் மணந்த போகார்ட் 1957இல் மறைந்தபின் திரை வாய்ப்புகள் குறைய, பகால் நியூயார்க் மேடைக்குத் திரும்பினார். முதுமையை அஞ்சும் நடிகையாக அவர் நடித்த ‘அப்ளாஸ்’ என்ற இசை நாடகம் 1970இல் அவருக்கு டோனி விருதைப் பெற்றுத் தந்தது. அண்மைக் காட்சியும் ஒளியமைப்பும் துணைநிற்காத அந்த மேடையில், கடைசி வரிசை வரை சென்று சேர வேண்டிய குரலும் உடலசைவுமே அவருடைய முதலாக இருந்தன.