மோட்டார்ப் பந்தயக் களம்: தமிழ்நாட்டில் இடத்தேர்வும் இராமநாதபுரக் கரையோரமும்

மோட்டார்ப் பந்தயக் களம் என்பது, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வேகத்தில் போட்டியிடுவதற்கென ஒதுக்கப்பட்டு, பந்தய வீரர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் உரிய பாதுகாப்புடன் அமைக்கப்பட்ட தடமாகும். பெரும் பந்தயம் ஒன்றுக்கு ஊர் தேடுவதும், பழைய ஊர் பயன்படாமற் போன காலத்தில் புதிய ஊரைக் கண்டடைவதும், அதனை நடத்தும் ஸ்தாபனங்களின் பொறுப்புகளுள் மிகக் கடினமானவை. தமிழ்நாட்டில் இத்தேடல் சோழவரத்தில் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் நிலைபெற்று, அண்மையில் சென்னை நகரத்துத் தெருக்களையும் தொட்டிருக்கிறது.

விமான ஓடுதளங்களின் காலம்

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, யுத்தத்திற்காக அமைக்கப்பட்ட விமான ஓடுதளங்கள் பல தேசங்களிலும் வேலையற்றுக் கிடந்தன. அகலமும் உறுதியும் நீண்ட நேர்வழியும் உடைய அத்தளங்களையே பந்தய ஆர்வலர்கள் முதலில் நாடினர். இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் விமானத்தளம் 1948-இல் பந்தயக் களமாகி, 1950-இல் உலகச் சாம்பியன் பட்டத்திற்குரிய முதல் பார்முலா ஒன் பந்தயத்தையும் கண்டது. அமெரிக்காவில் ஸீப்ரிங்கும் இலங்கையில் கட்டுக்குருந்தையும் இவ்வகையினவே. இந்தியாவில் கல்கத்தாவை அடுத்த பாரக்பூரிலும், பம்பாயின் ஜூஹுவிலும், சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்திலும் ஓடுதளங்கள் பந்தயத்திற்கு உதவின.

1953-இல் நிறுவப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் நடத்திய அகில இந்தியப் பந்தயங்கள், சென்னைவாசிகள் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருக்கும் விசேஷமாக வளர்ந்தன. ஒன்றோடொன்று கூடும் ஓடுதளங்களே அங்கே தடமாயின. நேர்வழியில் முழு வேகத்தையும் எட்டிய வண்டி, தளங்கள் கூடும் முனையை நெருங்குகையில் கடுமையாகப் பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டியிருந்ததால், எஞ்சினின் வலிமையைக் காட்டிலும் ஓட்டுபவரின் நிதானமே பல வேளைகளில் வெற்றியை நிர்ணயித்தது. விஜய் மல்லையா என்சைன் என்னும் பார்முலா ஒன் வண்டியை ஓட்டியதும், கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் தாமே வடிவமைத்த வண்டிகளுடன் களம் இறங்கியதும் சோழவரத்தின் சரித்திரத்தில் நிலைத்த செய்திகள்.

இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது

இத்தனை புகழ் இருந்தும் சோழவரம் நிரந்தரக் களமாக இயலவில்லை. ஓடுதளம் கிளப்புக்குச் சொந்தமானதன்று. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அனுமதி பெற்று, தடுப்புகளையும் அமருமிடங்களையும் புதிதாக அமைத்து, பந்தயம் முடிந்ததும் அகற்ற வேண்டியிருந்தது. மேலும், 1955-இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வண்டியொன்று கூட்டத்தினுள் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த பின்னர், பார்வையாளர் பாதுகாப்பு உலகெங்கும் மோட்டார் விளையாட்டின் தலையாய பிரச்சினையாயிற்று. தட்டையான விமானத்தளத்தில் ஜனங்களுக்கும் வண்டிக்கும் இடையே தக்க மதிலும் வெற்றிடமும் அமைப்பது எளிதன்று.

இவற்றையெல்லாம் ஆலோசித்த கிளப், இரவல் நிலத்தை நம்பியிராமல், சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தானே நிலம் வாங்கித் தடம் அமைக்கத் துணிந்தது. 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள அத்தடம் 1990-இல் திறக்கப்பட்டது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என வழங்குகிறது. பெங்களூர் நெடுஞ்சாலையின் அருகாமை, துறைமுகமும் விமான நிலையமும் உள்ள நகரின் அண்மை, மோட்டார்த் தொழிற்சாலைகள் பெருகத் தொடங்கிய பிரதேசம் என மூன்று அநுகூலங்கள் அவ்விடத்திற்கு வாய்த்தன.

இம்மாற்றத்தின் பலன் அதிலிருந்து எழுந்த வீரர்களால் விளங்கும். நரேன் கார்த்திகேயன் தமது முதற் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் ஓடிப் பரிசு மேடை ஏறியவர். 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 2010-இல் அவரைத் தொடர்ந்த கருண் சந்தோக்கும் தமிழ்நாட்டவரே. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்த பின், அவர் நினைவாகக் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் கரி மோட்டார் ஸ்பீட்வே எழுந்தது. சொந்தக் களங்கள் இருந்தமையால், ஆண்டில் ஓரிரு பந்தய நாட்களோடு நில்லாமல், பயிற்சிப் பள்ளியும் வண்டிச் சோதனையும் ஆண்டு முழுவதும் நடைபெறலாயின.

பிற நகரங்களின் அனுபவம்

இந்தியாவில் பார்முலா ஒன் நடத்த ஆந்திரப் பிரதேச அரசு 2003-இல் ஹைதராபாத்துக்காக முயன்றும் அது கைகூடவில்லை. பின்னர் டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் புத்தர் பெயரால் தடம் அமைக்கப்பட்டு, 2011 முதல் 2013 வரை மூன்று பந்தயங்கள் நடந்தன. மூன்றிலும் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். மாநில அரசு அதனை விளையாட்டாக ஏற்காமல் கேளிக்கையாகக் கருதி வரி விதித்ததும், இறக்குமதி வரித் தொல்லைகளும் சேர்ந்து பந்தயத்தை நிறுத்திவிட்டன. ஹைதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் 2023 பிப்ரவரியில் நடந்த மின்சாரக் கார்ப் பந்தயமும், மாநிலத்தில் ஆட்சி மாறியதையடுத்து, மறு ஆண்டே ரத்தாயிற்று.

கரையோரப் பிரதேசங்கள் சிறப்பாகக் கருத வேண்டிய உதாரணம் தென்கொரியாவின் யோங்கம். தலைநகர் சியோலிலிருந்து நெடுந்தொலைவில், பின்தங்கிய தென்மேற்குக் கடற்கரையை முன்னேற்றும் நோக்கத்துடன் பெரும் பொருட்செலவில் அங்கே களம் அமைத்தனர். தடத்தைச் சுற்றி நகரம் எழும் என்பது திட்டம். நகரம் எழவில்லை, தங்க விடுதிகளும் போதவில்லை. 2010-இல் வந்த பார்முலா ஒன் 2013-உடன் நின்றது.

சென்னைத் தெருப் பந்தயம்

தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் ஆகியவற்றை இணைத்து, 3.5 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த தெருத் தடத்தில் பார்முலா 4 பந்தயம் நடத்தத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 2023 டிசம்பரில் ஏற்பாடு செய்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் அது ஒத்திவைக்கப்பட்டு, 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில், மின்னொளியில் இரவுப் பந்தயமாக நடந்தேறியது. பொதுப் பணத்தைச் செலவிடுவது பற்றியும், அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நோயாளிகளின் வழி பற்றியும் உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன. இடையூறின்றி நடத்துமாறு நீதிமன்றம் வலியுறுத்தியது. தெருப் பந்தயம் விளையாட்டைச் சாமானியரின் கண்முன் கொண்டுவருகிறது என்பது மெய்யே. ஆயினும் அது நகரத்தின் சாலைகளை இரவல் வாங்குவதாதலால், சோழவரத்தில் கண்ட குறைபாடு வேறு வடிவில் மீண்டும் தோன்றுகிறது.

இடத்தேர்வின் அளவுகோல்கள்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து நான்கு அளவுகோல்கள் பெறப்படுகின்றன. நிலம் நடத்துவோரின் நிரந்தர உரிமையில் இருத்தல் முதலாவது. தடம் தவறிய வண்டி யாருக்கும் தீங்கின்றி நின்றுகொள்ளத்தக்க வெற்றிடமும் தடுப்பும் இருத்தல் இரண்டாவது. இலங்கையின் தியத்தலாவையில் 2024 ஏப்ரலில் நடந்த பந்தயத்தில் வண்டி கூட்டத்துள் புகுந்து ஏழு பேர் மாண்டது, இவ்விதியை மறந்தால் நேரும் துன்பத்தைக் காட்டும். மருத்துவ வசதியும், தங்குமிடமும், ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளும் மூன்றாவது. பந்தயமில்லா நாட்களிலும் களத்திற்கு உபயோகம் இருத்தல் நான்காவது.

இராமநாதபுரம், இராமேசுவரம் கரையோரம்

வேகப் பந்தயம் இப்பிரதேசத்து மக்களுக்குப் புதியதன்று. ஊர்த் திருவிழாக்களில் நடைபெறும் மாட்டுவண்டிப் பந்தயங்களில், பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என மாடுகளைப் பிரித்து, போகவர இத்தனை மைல் என்று எல்லை குறித்து, சாரதியும் துணைச் சாரதியுமாக வண்டியை விரட்டுவர். களமோ பொதுச் சாலை. இருமருங்கும் நின்று கூவும் கூட்டத்திற்கும் சீறிவரும் சக்கரத்திற்கும் இடையே பெரும்பாலும் ஒரு முழம் இடமே இருக்கும். இரண்டாவது அளவுகோலை முதலில் செயற்படுத்த வேண்டிய இடம் இதுவே.

மோட்டார்ப் பந்தயத்தை எண்ணுவோரின் மனம், 2017-இல் திறக்கப்பட்ட, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனைவரை செல்லும் ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர் நீளச் சாலையை நாடக்கூடும். இருபுறமும் கடல் விளங்க, நேராக ஓடும் அச்சாலை காட்சிக்கு இணையற்றது. ஆனால் அளவுகோல்களின்படி தகுதியற்றது. தடம் தவறிய வண்டி நிற்பதற்கு அங்கே மணலும் நீருமன்றி இடமில்லை. தனுஷ்கோடி அமைந்த இராமேசுவரம் தீவுக்குள் வாகனங்கள் வருவதற்கு 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஒன்றே வழி. அதுவே இராமநாத சுவாமியைத் தரிசிக்க வரும் யாத்திரிகர்களுக்கும் மீனவ மக்களுக்கும் உயிர்நாடி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த இடத்தில் நிலையான கட்டடங்கள் எழுப்புவதும் விவேகமாகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் போற்றப்படுகின்றன. தனுஷ்கோடியோ பூநாரைகள் வந்து தங்கும் நீர்ப்பரப்பு.

ஆகவே இக்கரையோரம் பெரும் பந்தயத்திற்கு ஊராவதைக் காட்டிலும், பந்தயத்திற்குத் திறமைசாலிகளை அளிப்பதே பொருத்தம். எஞ்சின் படகுகளைப் பழுதுபார்த்துப் பழகிய கைகளும், வண்டிப் பந்தயத்தில் வளர்ந்த துணிவும் இங்கே உண்டு. இக்கரையோர இளைஞர்களை இருங்காட்டுக்கோட்டைக்கும் செட்டிபாளையத்துக்கும் அனுப்பி, இயந்திரப் பொறுப்பாளராகவும் ஓட்டுநராகவும் பயிற்றுவிக்க உதவித்தொகை வழங்குவது, கடற்கரையில் கான்கிரீட் கொட்டுவதினும் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும். பந்தயத்தை அழைக்க விரும்பும் எந்த ஊரும், அது நடைபெறும் இரண்டு நாட்களைப் பற்றிச் சிந்திக்குமுன், ஆண்டின் மற்ற நாட்களில் அக்களத்தைப் பேணிப் பயன்படுத்தப் போவது யார் என்பதை நிச்சயித்துக்கொள்ளுதல் கடமையாகும்.